மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு மடக்குக்கத்தி, ஒரு கறிக்கத்தி: எதை வாங்குவது, எப்படித் தீட்டுவது

கோட்டையூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு மடக்குக்கத்தி வேண்டும். தோப்பு வேலைக்கும், குலதெய்வம் கோவில் கிடாவெட்டில் தோல் உரித்துக் கறி போடவும் ‘ஹண்டிங் நைஃப்’ மாதிரி ஒன்று வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய். வெளிநாட்டுக் கத்தி வாங்குவதா, திருப்பாச்சேத்தியில் சொல்லி அடிப்பதா, காரைக்குடி பழைய சாமான் கடையில் பார்த்த சீமைப் பேனாக்கத்தியை எடுப்பதா? போலீஸ் தொந்தரவு வருமா? பத்து வயதுப் பையனும் ஒரு கத்தி கேட்கிறான், கொடுக்கலாமா?

தம்பி, மூவாயிரத்தில் ஐந்நூறு ரூபாயை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அது தீட்டுக்கல்லுக்கு. மிச்சத்தில்தான் கத்திக்குக் கணக்குப் போட வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க் கத்தியும் நாலு நாள் தேங்காய்நார்க் கயிறு அறுத்தால் மழுங்கிவிடும். தீட்டத் தெரிந்தவர் கையில் முந்நூறு ரூபாய்க் கத்தி தினமும் புதுசுதான்.

கத்தி நன்றாக அறுப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வாய்ப்பக்கம், அதாவது அறுக்கிற ஓரம், எவ்வளவு மெல்லிசு என்பது. இன்னொன்று பதம்: இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து எடுக்கும்போது அதற்கு ஏறுகிற கடினம். இரும்பின் பெயர், பிடியின் அழகு, உறையின் பளபளப்பு எல்லாம் அப்புறம். இணையத்தில் ‘ஹண்டிங் நைஃப்’ என்று தேடினால் வருகிற மலிவுச் சரக்கில் பெரும்பாலானவை முதல் விஷயத்திலேயே தோற்றுப்போகும். முதுகு ஐந்தாறு மில்லிமீட்டர் கனம், அதில் ரம்பப் பல், பிடிக்குள்ளே ஒரு திசைகாட்டி. மாங்காயில் இறக்கினால் பாதியில் நின்றுகொள்ளும். அமுக்கினால் மாங்காய் பிளக்கும், அறுபடாது. ஆட்டுத் தோலில் வைத்தால் இன்னும் மோசம். அமுக்கிய வேகத்துக்குக் குடலில் போய் இறங்கும், கறி முழுக்க வீணாகும். அதை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மடக்குக்கத்திக்கு என் முதல் சிபாரிசு பிரான்ஸ் நாட்டு ஒபினெல். ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவ்வா பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் செய்ய ஆரம்பித்த விவசாயிகள் கத்தி. பீச் மரப்பிடி, ஒரே ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு பூண், ஒரு பூட்டு வளையம், அவ்வளவுதான் அதில் இருப்பது. அந்த வளையம் 1955இல் சேர்ந்தது. அலகை விரித்து வளையத்தைத் திருகிவிட்டால் பூட்டிக்கொள்ளும், வேலை நடுவில் விரல் மேல் மடங்காது. அளவை எண்ணால் சொல்வார்கள். நமக்கு 8ஆம் எண் போதும், அலகு 8.5 சென்டிமீட்டர். அலகின் மெல்லிசுதான் இதன் பெருமை. ஆப்பிள் தோலை நாடா மாதிரி சீவலாம், வாழை இலையை நரம்போடு ஒரே இழுப்பில் அறுக்கலாம்.

இதில் கார்பன் இரும்பு, ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு வகை உண்டு. கார்பன் சீக்கிரம் தீட்டுப்படும், சீக்கிரம் கறுக்கும். வாழைக்கறை, மாங்காய்ப்பால், எலுமிச்சை, புளி எது பட்டாலும் நிமிஷத்தில் நிறம் மாறும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை. நம் வீட்டு அரிவாள்மனை கறுத்துப்போயும் தலைமுறையாக உழைக்கிறதே, அதே கறுப்புதான். செந்துருவுக்குத்தான் பயப்பட வேண்டும். நான் வைத்திருப்பது கார்பன். ஆனால் வேலை முடிந்ததும் வேட்டியில் ஒரு துடை துடைக்கிற பழக்கம் இல்லாதவர் ஸ்டெயின்லெஸ் வாங்குவதே நல்லது. அறுப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஒபினெலில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு, வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மரப்பிடி ஈரம் குடித்து உப்பும், அலகு பள்ளத்துக்குள் இறுகிக்கொள்ளும். நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் உடையும். வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிடியின் வால் முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள், அலகு தானாக எட்டிப் பார்க்கும். சவ்வாக்காரர்களும் இப்படித்தான் திறக்கிறார்கள். புதுசாக வாங்கியதும் வெயில் காலத்திலேயே அந்தப் பள்ளத்துக்குள் ஆளிவிதை எண்ணெயைக் குச்சியால் தடவி இரண்டு மூன்று நாள் காயவிட்டால் பிறகு ஈரம் அவ்வளவாக ஏறாது. தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது, அது காய்ந்து இறுகாது.

சுவிஸ் நாட்டு விக்டோரினாக்ஸையும் பலர் கேட்பார்கள். கார்ல் எல்சனர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை. இன்று உலகமே சுவிஸ் ராணுவக் கத்தி என்று சொல்கிற சிவப்புக் கத்திக்கு மூலம் 1897இல் வந்தது. அலுவலகம், பயணம் என்று அலைபவருக்கு அதுதான் சரி. கத்திரி, திருப்புளி, டப்பாத் திறப்பான் எல்லாம் அதிலேயே இருக்கும். ஸ்டெயின்லெஸ், இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56, ரொம்பக் கடினம் இல்லை, அதனால் சாதாரணக் கல்லிலேயே சட்டென்று தீட்டுப்படும். பெரும்பாலான சின்ன ரகங்களில் பூட்டு கிடையாது, குத்துகிற வேலைக்கு எடுக்கக் கூடாது. தோப்புக்காரருக்கு ஒபினெல்தான் பொருத்தம்.

இதைவிட மலிவாக வேண்டுமா? நாற்றுப் பண்ணைக்குப் பொருள் விற்கும் கடைகளில் ஒட்டுக்கட்டும் மடக்குக்கத்தி கிடைக்கும். யாரும் கத்தி என்று நினைத்துத் தேடாத பொருள் அது. மாமர ஒட்டுக்குக் குச்சியைச் சீவ வேண்டுமென்பதால் அலகு நேராக, மெல்லிசாக, நல்ல பதத்தோடு இருக்கும். ஒரு பக்கம் மட்டுமே சரிவு வைத்துத் தீட்டியிருப்பார்கள். இடதுகைக்காரர் அதைப் பார்த்து வாங்க வேண்டும். பென்சில், கயிறு, கீரைக்கட்டு, பார்சல் எல்லாவற்றுக்கும் போதும்.

இனி வேட்டைக்கத்தி. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் இருக்கையில் முயல், கௌதாரி, உடும்பு எதையும் நாம் தொடக்கூடாது. தொட்டால் ஜெயில். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. இந்தச் சீமையின் ஆட்கள்தான் அவர்களும். பழைய காலத்தில் வேட்டை நடந்தபோதும் சிவகங்கைச் சீமையின் பேர்பெற்ற வேட்டைக் கருவி கத்தி அல்ல, வீசி எறிகிற வளைந்த வளரிதான். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதிவைத்திருக்கிறார். அதே வெல்ஷ் இருந்த படைதான் 1801இல் மருதுபாண்டியர் மேல் வந்தது. அந்த வருடம் அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

சரி, கிடாய்க்கு வருவோம். தலையை எடுப்பது அருவாள் வேலை, அது வேறு ஆள், வேறு கருவி. நீங்கள் கேட்கும் கத்திக்கு வேலை அதற்கு அப்புறம். பின்னங்காலில் கட்டிக் கிளையில் தொங்கவிட்ட கிடாயின் கால் மடிப்பைச் சுற்றி ஒரு கீறல், தொடையின் உட்புறமாக நடுவயிறு வரைக்கும் ஒரு கீறல். இதைத் தோலின் வெளிப்பக்கமிருந்து போடுபவர்களைப் பார்க்கிறேன். அலகு மயிர் மேல் ஓடும், மயிரில் மண் இருக்கும், நாலு இழுப்பில் கூர் போய்விடும். சின்னதாக ஒரு துளை போட்டு, அலகின் வாய் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி உள்ளே நுழைத்து, உள்ளேயிருந்து வெளியே அறுத்துக்கொண்டு வர வேண்டும். நுனிக்கு அடியில் ஆள்காட்டி விரலைக் கொடுத்தால் குடல் பக்கம் போகாது. தோல் விளிம்பு பிரிந்த பிறகு கத்தியை ஓரமாக வைத்துவிடலாம். கை முஷ்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவில் தள்ளித் தள்ளி இறக்கினால் தோல் முழுசாகக் கழன்று வரும். ஒட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் மட்டும் அலகால் ஒரு தொடு.

ஆக, இந்த வேலை கேட்பது 10 சென்டிமீட்டர் அலகு, 2.5 முதல் 3 மில்லிமீட்டர் முதுகு, நுனிப்பக்கம் கொஞ்சம் வயிறு போட்டு வளைந்த வாய், ஈரக்கையில் வழுக்காத பிடி. சுவீடனின் மோரா ஊர்க் கத்தி இந்த அளவுக்கு அப்படியே பொருந்தும். அந்த ஊரில் நூற்றாண்டுகளாகக் கத்தி செய்கிறார்கள், தச்சரும் மீனவரும் இடுப்பில் செருகிக்கொள்வது. ‘கம்பேனியன்’ என்ற ரகம் ரப்பர் ஒட்டிய பிளாஸ்டிக் பிடியோடும் பிளாஸ்டிக் உறையோடும் வரும். பார்க்க அழகு இல்லைதான். ரத்தமும் கொழுப்பும் படுகிற வேலைக்கு அந்தப் பிடிதான் நல்லது, சோப்புப் போட்டுக் கழுவினால் சுத்தம். இதன் சரிவு அகலமாக, தட்டையாக இருக்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லில் படியவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் பிடிக்கத் தெரியாதவரும் தீட்டிவிடலாம்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் மோராவுக்குப் போகமாட்டேன், திருப்பாச்சேத்திக்குப் போவேன். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கிறது ஊர். திருப்பாச்சி அருவாள் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். நம் மாவட்டத்திலேயே இப்படி ஓர் ஊர் இருக்கையில் கறிக்கத்தியைக் கப்பலில் வரவழைக்க வேண்டியதில்லை. சட்டைப்பைக் கத்திக்கு மட்டும் ஒபினெல். மடக்குக்கத்தியின் ஆணியும் பூட்டும் நுணுக்க வேலை, அதை மலிவாகச் செய்து கொடுக்கிற பட்டறையை நான் இங்கே பார்த்ததில்லை.

பட்டறையில் போய் “ஒரு கத்தி அடிச்சுக் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் சின்ன அருவாள் ஒன்று கையில் வரும். காரணம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் எடுக்கிற இரும்பு லாரி ஸ்பிரிங் பட்டை. அது நல்ல இரும்பு, நூற்றுக்கு அரை பங்குக்குக் கொஞ்சம் மேல் கார்பன் இருக்கும், அடிக்கும் வளைவுக்கும் ஈடுகொடுக்கவே பிறந்தது. அருவாள் மரத்தில் அடிபடும், எலும்பில் அடிபடும். அதனால் வாய் சிதறாமலிருக்கப் பதத்தைத் தாழ்த்தி வைப்பார்கள், வாயைக் கனமாக விடுவார்கள். அருவாளுக்கு அதுதான் நியாயம். அதே பதமும் கனமும் தோல் உரிக்கிற கத்திக்கு வந்தால் சாயங்காலத்துக்குள் கூர் படுத்துவிடும்.

அதனால் இப்படிச் சொல்லுங்கள்: “ஆசாரி, இது மரம் வெட்ட இல்ல, தோல் உரிக்க, கறி போட. நாலு அங்குல அலகு. முதுகு மூணு மில்லிக்கு மேல வேணாம். வாய்ப்பக்கம் நல்லா மெல்லிசா இறக்கிக் குடுங்க. பதம் அருவாளுக்கு வைக்கறத விட ஒருபடி தூக்கலா இருக்கட்டும்.” இதைக் கேட்டதுமே நீங்கள் விஷயம் தெரிந்து வந்திருக்கிறீர்கள் என்று அவருக்குப் புரியும், வேலையும் தனி மரியாதையோடு நடக்கும். ஸ்பிரிங் பட்டை தடிமனாக இருக்கும், அதை மூன்று மில்லிக்கு அடித்து இறக்குவது கைவலி பிடித்த வேலை. கூலி கூடக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். பழைய நல்ல அரம் ஒன்று உங்களிடம் இருந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அரத்தில் கார்பன் ஸ்பிரிங்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, சின்னக் கத்திக்கு அருமையான இரும்பு. ஆனால் மறுபடி காய்ச்சிப் பதம் இறக்காமல் வெறுமனே தேய்த்துக் கத்தியாக்கினால் கீழே விழுந்ததும் இரண்டாக உடையும்.

முடிந்தால் பதம் ஏற்றும்போது கூடவே நில்லுங்கள். பார்க்க வேண்டிய காட்சி அது. உலையில் அலகு சிவந்து வரும். ஒரு கட்டத்துக்கு மேல் காந்தம் அதில் ஒட்டாது, 770 டிகிரியை ஒட்டி அது நடக்கும். கைதேர்ந்த ஆசாரிக்குக் காந்தம் வேண்டாம், நிறத்திலேயே தெரியும். அதற்காகத்தான் பதம் ஏற்றுகிற இடத்தை இருட்டாக வைத்திருப்பது. அந்தச் சூட்டில் தோய்த்து எடுத்ததும் அலகு கண்ணாடி போலக் கடினமாகவும் எளிதில் உடைவதாகவும் இருக்கும். பிறகு ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கி, முதுகுப்பக்கமாக மெதுவாகச் சூடு காட்டுவார். முதுகிலிருந்து வாயை நோக்கி நிறங்கள் நகர்ந்து வரும்: முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சள் 220 டிகிரிக்குப் பக்கம், நீலம் 300க்குப் பக்கம். அருவாளுக்கு ஊதா நீலம் வரைக்கும் விடலாம். உங்கள் கத்திக்கு வாய் ஓரம் மஞ்சள் முற்றிப் பழுப்பு தொடும்போது நிறுத்தச் சொல்லுங்கள். முதுகு அதற்குள் நீலத்துக்குப் போயிருக்கும். அது நல்லதே, முதுகு வளைந்து கொடுக்கும், வாய் கூர் தாங்கும்.

வாங்கும்போது ஒரு சோதனை. தேயாத அரம் ஒன்றை வாய் ஓரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துத் தூள் தூளாக இரும்பு உதிர்ந்தால் பதம் போதாது. வழுக்கிக்கொண்டு கீச்சென்று ஓடினால் பதம் தூக்கல், எலும்பில் பட்டால் பல் விழும். லேசாகக் கடித்தும் கடிக்காமலும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பிடி கருவேலமோ பூவரசோ எதுவானாலும் சரி. பூண் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சந்தில்தான் ரத்தம் போய்த் தங்கி நாறும். அரக்கை உருக்கி ஊற்றி அடைத்துவிடச் சொல்லுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய பேனாக்கத்திகள் இன்னும் கிடைக்கின்றன. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் வீடுகளிலிருந்து எனாமல் தூக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்த வழியிலேயே இவையும் வந்தன. கணக்குப்பிள்ளை பேனா சீவியது, பெட்டியடியில் கடிதம் பிரித்தது. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தி என்றால் அலகின் வேரில் ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு சிலுவையும் பொறித்திருக்கும். அந்தப் பேருக்கு இருந்த மதிப்பால் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்ட போலிகளும் அந்தக் காலத்திலேயே ஏராளம், கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஜெர்மனியின் சோலிங்கன் முத்திரையும் நல்ல அடையாளம். அந்த ஊர்ப் பெயரை வேறு ஊர்க்காரர் கத்தியில் போடக்கூடாதென்று 1938 முதல் அங்கே சட்டமே இருக்கிறது.

ஆனால் முத்திரையைவிட அலகைப் பாருங்கள். நகக்குழியில் நகத்தை வைத்து விரிக்கும்போது ஸ்பிரிங் பாதியில் இழுத்துப் பிடித்து, கடைசியில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். தொளதொளவென்று வந்தால் முதுகு ஸ்பிரிங் செத்துவிட்டது, அதைச் சரிசெய்யும் செலவு கத்தியைவிட அதிகம். அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. பழைய தீட்டலில் அலகு தேய்ந்து ஊசி மாதிரி ஆகியிருந்தால் வேண்டாம். கறுப்பு இருக்கலாம், செந்துருவும் மேலாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம். வாய் ஓரத்தில் துரு குழி பறித்திருந்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தீட்டலிலும் அந்தக் குழி பல்லாக உடையும்.

பிடி விஷயத்தில் மிகவும் கவனம். யானைத்தந்தப் பிடியும் மான்கொம்புப் பிடியும் எவ்வளவு பழசானாலும் வாங்குவதும் விற்பதும் குற்றம். “நூறு வருஷத்துச் சாமான், ஒண்ணும் ஆகாது” என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். தந்தத்தின் குறுக்குவெட்டு முனையில் வலை பின்னியதுபோல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். வெறும் எலும்பில் அது இருக்காது, பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளியும் கீறலும் தெரியும். எலும்பும் எருமைக்கொம்பும் வாங்கலாம். தந்தம் மாதிரியே இருக்கும் செல்லுலாய்டு பிடியைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், சூடம் வாசனை வரும். செய்யும்போதே சூடம் சேர்த்துத்தான் செய்வார்கள். அந்தப் பிடி நாள்பட நைந்து ஆவி விடும், பெட்டிக்குள் மூடிவைத்தால் அலகைத் துருப்பிடிக்கவைக்கும். அப்படியொன்று வாங்கினால் காற்றாடத் திறந்த இடத்தில் வையுங்கள்.

இப்போது அந்த ஐந்நூறு ரூபாய். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் ஒரு பக்கம் நைசுமாக இருக்கிற கார்போரண்டம் கல் கேளுங்கள். அந்தத் தொழிலில் நம் பக்கத்துப் பள்ளத்தூர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து 1954இல் சென்னையில் தொடங்கியது கார்போரண்டம் யுனிவர்சல். கல்லை ஈரத்துணி மேல் வைத்தால் நகராது. தண்ணீர் விட்டே தேய்க்கலாம். ஒருமுறை எண்ணெய் விட்டால் பிறகு எப்போதும் எண்ணெய்தான் விட வேண்டியிருக்கும்.

தீட்டுவதில் எல்லோரும் தடுமாறுவது கோணத்தில். அதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், மறக்காது. அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் 20 டிகிரி. நான்கில் ஒரு பங்கு தூக்கினால் 15 டிகிரி. ஒபினெல் மாதிரி இரண்டு சென்டிமீட்டர் அகல அலகுக்கு முதுகு சுமார் 7 மில்லிமீட்டர் எழும்பினால் 20 டிகிரி ஆயிற்று, மடக்குக்கத்திக்கும் கறிக்கத்திக்கும் அது போதும். ஸ்கெட்ச் பேனாவால் வாய் ஓரத்தில் கோடு போட்டுவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாய் நுனியில் மை அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்தால் இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்.

ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். அலகின் குறுக்கே கட்டைவிரலை வெளிப்பக்கமாக இழுத்தால் சொரசொரவென்று மாட்டும். பிடியிலிருந்து நுனிவரை நெடுக அந்தப் பிசிறு வராமல் அடுத்த பக்கம் திருப்பாதீர்கள். தீட்டியும் அறுக்கவில்லை என்று சொல்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பிசிறு வந்ததும் திருப்பி அதே வேலை. பிறகு நைசுப் பக்கம், அதில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் கத்தியின் சொந்தக் கனம் மட்டும் கல்லில் இருக்கும்படி மாற்றி மாற்றி இழுங்கள். முடிவில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் முதுகு முன்னே போக, வாய் பின்னே இழுபட, பத்திருபது தடவை. நாளிதழ்த் தாளைத் தொங்கவிட்டு அறுத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

கல் கையில் இல்லாத இடத்தில் பனையேறிகள் செய்வதைச் செய்யலாம். ஒரு மரப்பலகையில் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவி அதன் மேல் பாளைக்கத்தியைத் தீட்டுவார்கள். அவர்கள் கத்தியில் மயிர் வழிக்கலாம், அவ்வளவு கூர். சாணைக்காரரிடம் மட்டும் மெல்லிய கத்தியைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் பொறி பறக்கும்போது வாய் ஓரம் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. அருவாளுக்குச் சாணை பரவாயில்லை.

பராமரிப்பு அதிகம் இல்லை. கறி வேலை முடிந்ததும் வெந்நீரும் சோப்பும், உடனே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். தோல் உறையில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதானால் பிடியில் வையுங்கள். அலகில் வைத்த பொட்டு விடிவதற்குள் துருப் பொட்டாகிவிடும். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது நம் ஆச்சிமார் வழக்கம். அதை விடாதீர்கள், விரலுக்கு நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யாத கத்தியெல்லாம் ஆயுதக் கணக்கில் வரும். நான்கு அங்குலக் கறிக்கத்தியும் எட்டரை சென்டிமீட்டர் மடக்குக்கத்தியும் அந்த அளவுக்குக் கீழே. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு திருவிழாக் கூட்டத்துக்கோ கோர்ட்டுக்கோ போகலாம் என்று அர்த்தமில்லை. எங்கே, எதற்கு வைத்திருக்கிறோம் என்பதைத்தான் போலீஸ் பார்க்கும். தோப்பில் இருந்தால் கருவி, பேருந்து நிலையத்தில் நடுராத்திரி இருந்தால் கேள்வி. கறிக்கத்தியைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக் கொண்டுபோங்கள். பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்தியை வாங்கவே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். பட்டறையில் பெயர், முகவரி, அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள். வாங்குபவர் விவரத்தை எழுதி வைக்கும்படி 2021இல் காவல்துறை பட்டறைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறது, கொடுக்காவிட்டால் அவருக்குத்தான் சங்கடம்.

பையனுக்குக் கொடுக்கலாம், பத்து வயது சரியான வயது. ஒபினெலிலேயே பிள்ளைகளுக்கென்று நுனி உருண்டையாக, எட்டு சென்டிமீட்டர் அலகோடு ஒரு ரகம் இருக்கிறது, வளையப் பூட்டும் உண்டு. மழுங்கின கத்தியைக் கொடுத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். மழுங்கினதைத்தான் அமுக்குவான், அமுக்கினால்தான் வழுக்கிக் கையில் ஏறும். உட்கார்ந்துதான் அறுக்க வேண்டும், அலகு போகிற வழியில் தன் தொடையும் இன்னொரு கையும் இருக்கக் கூடாது, எழுந்து நடப்பதற்கு முன் மடக்க வேண்டும். இந்த மூன்றை மட்டும் முதல் வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக வேப்பங்குச்சி சீவக் கொடுங்கள், பிறகு வாழை இலை நறுக்க, அப்புறம் வெள்ளரிக்காய். தீட்டுவதையும் அவனையே பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். பிசிறு எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னால், இரண்டு மூன்று தடவையில் அவன் விரலுக்கே பிடிபட்டுவிடும்.